வீடு திரும்பிய பின்

கெரசேனர் பகுதியில் கல்லறைகளுக்கிடையே வாழ்ந்த மனிதனைப் பற்றி மாற்கு நற்செய்தியின் ஐந்தாம் அதிகாரத்தில் நாம் பலமுறை கேட்டிருக்கிறோம். விலங்குகளாலும் சங்கிலிகளாலும் அவனைக் கட்டிப் பார்த்தார்கள். அவன் அவற்றை உடைத்தெறிந்தான். இரவும் பகலும் கூச்சலிட்டுத் தன்னையே கற்களால் காயப்படுத்திக்கொண்டான். ஆண்டவர் இயேசு அவனைக் குணமாக்கினார். பன்றிக் கூட்டம் கடலில் விழுந்ததைப் பற்றி மறையுரைகளில் நிறையக் கேட்டிருக்கிறோம். ஆனால் நிகழ்ச்சியின் இறுதியில் வரும் ஒரு சிறு செய்தி பெரும்பாலும் நம் கவனத்திற்கு வருவதில்லை. குணமடைந்த மனிதன் படகிலேறி ஆண்டவரோடு போக விரும்பினான். அவர் அதற்கு இசையவில்லை. அவனை அவனுடைய வீட்டாரிடமே திருப்பி அனுப்பினார்.

அவன் தெக்கப்பொலி நாட்டில் ஆண்டவரின் செயலை அறிவித்தான் என்று சொல்லும் நற்செய்தியாளர், அவன் தன் வீட்டுக் கதவைத் தட்டியபோது திறந்தவர் யார் என்று சொல்லவில்லை. தாயா, மனைவியா, உடன்பிறந்தவனா? திறந்தவர் முகத்தில் மகிழ்ச்சி தெரிந்ததா, அச்சம் தெரிந்ததா? அன்றிரவு அவனை நம்பி உள்ளே படுக்க விட்டார்களா? இத்தனை ஆண்டுகளாக இக்கேள்விகள் எங்களை விட்டு அகலவில்லை. ஏனெனில் எங்கள் வீட்டுக்கும் அப்படி ஒருவன் திரும்பி வந்தான். அவனை ஏற்றுக்கொள்ளத் தெரியாமல் நாங்கள் இருவரும் வாசலில் நின்றோம்.

எங்கள் மூத்த மகனுக்கு 2008ஆம் ஆண்டு மனச்சிதைவு நோய் கண்டது. அப்போது அவனுக்கு வயது இருபது. கல்லூரியில் இறுதியாண்டு படித்துக்கொண்டிருந்தான். முதலில் தூக்கம் போயிற்று. பிறகு நண்பர்கள் போனார்கள். பூசைக்கு வருவதை நிறுத்தினான். பக்கத்து வீட்டார் சுவருக்கு அப்பாலிருந்து தன்னைப் பற்றிப் பேசுகிறார்கள் என்று காதைப் பொத்திக்கொண்டு உட்கார்ந்திருப்பான். சாளரங்களை மூடிவிடுவான். உணவில் ஏதோ கலந்திருக்கிறது என்று தட்டைத் தள்ளிவிடுவான்.

நாங்கள் என்னென்னவோ நினைத்தோம். படிப்புச் சுமை என்றோம். காதல் தோல்வியோ என்று அவன் நண்பர்களிடம் துருவித் துருவிக் கேட்டோம். உறவினர் ஒருவர் ஏவல் என்றார். இன்னொருவர் பேய்க்கோளாறு என்றார். ஞாயிறு தவறாமல் நற்கருணை வாங்கும் நாங்கள் அதையும் நம்பினோம். திருத்தலம் ஒன்றில் நாற்பது நாள் தங்கினோம். அங்கே வேப்ப மரத்தடியில் காலில் சங்கிலியோடு ஓர் இளைஞன் உட்கார்ந்திருந்தான். எங்கள் மகன் அவனையே நெடுநேரம் பார்த்துக்கொண்டிருந்தான். பிறகு எங்கள் பக்கம் திரும்பி, "எனக்கும் போடுவீர்களா, அப்பா?" என்று கேட்டான். இல்லை என்று சொல்லிவிட்டோம். ஆனால் அந்தச் சொல்லை அவன் நம்பும்படி சொல்ல எங்களால் இயலவில்லை.

இவ்வாறு பதினான்கு மாதங்கள் கழிந்தபின்தான் மனநல மருத்துவரிடம் போனோம். மருந்து கொடுத்தார்கள். சில வாரங்களில் தூக்கம் வந்தது. மெல்ல மெல்லக் குரல்கள் அடங்கின. ஓராண்டு நன்றாக இருந்தான். நலமடைந்தவனுக்கு இன்னும் எதற்கு மருந்து என்று எங்களுக்குத் தோன்றிற்று. அவன் கை நடுங்கியதும், உடல் பருத்ததும், பகலெல்லாம் தூங்கியதும் எங்களை உறுத்தின. ஒரு செபக் கூட்டத்தில் கைகளை வைத்து வேண்டினார்கள். வீட்டுக்கு வந்ததும் நன்றி செலுத்தும் எண்ணத்தோடு மாத்திரைகளை எடுத்துக் குப்பையில் போட்டோம். மருந்தை நிறுத்தச் சொல்லி அங்கே எவரும் எங்களிடம் சொல்லவில்லை. அது நாங்களே எடுத்த முடிவு. நான்கு மாதங்களில் நோய் முன்னிலும் கடுமையாகத் திரும்பியது.

இம்முறை அவன் மருந்தைத் தொட மறுத்தான். எனவே மாத்திரையைப் பொடியாக்கிச் சாம்பாரில் கலந்து கொடுத்தோம். எங்களுள் ஒருவர் கலப்பதும் மற்றவர் அவனைப் பேச்சில் ஈடுபடுத்துவதுமாக எட்டு மாதங்கள் நடந்தது. அன்பினால்தான் செய்தோம். எத்தனையோ வீடுகளில் இப்படித்தான் நடக்கிறது என்பதையும் பிற்பாடு அறிந்தோம்.

2012ஆம் ஆண்டில், நாங்கள் மருத்துவம் பார்த்த இடத்தில், நோயாளர்க்கும் அவர்தம் குடும்பத்தார்க்கும் வகுப்பு நடத்துகிறோம், ஆறு சனிக்கிழமை வாருங்கள் என்றார்கள். நாங்கள் தயங்கினோம். நோய் அவனுக்கு, பாடம் நமக்கு எதற்கு என்று நினைத்தோம். எட்டுக் குடும்பங்கள் வட்டமாக அமர்ந்திருந்தன. ஓய்வுபெற்ற தலைமையாசிரியர் ஒருவர், மீன் விற்கும் தாய் ஒருவர், தன் அண்ணனைக் கையைப் பிடித்து அழைத்து வந்த பதினெட்டு வயதுப் பெண் ஒருத்தி. யாரும் யாரையும் நிமிர்ந்து பார்க்கவில்லை. அந்த முதல் அரைமணி நேரத்தில் எங்கள் ஊரில் எவருக்கும் சொல்லாத சொல்லை எட்டுக் குடும்பங்களும் வாய்விட்டுச் சொன்னோம். வீட்டுக்கு வந்தபின் பல மாதங்களுக்குப் பிறகு எங்கள் இருவருக்கும் அன்றுதான் ஆழ்ந்த தூக்கம் வந்தது.

அங்கே கற்றவற்றை இங்கு எழுதுவது, இவ்விதழைப் படிக்கும் ஏதேனும் ஒரு வீட்டுக்கு உதவும் என்னும் நம்பிக்கையினால்தான்.

இந்நோய்க்கு ஸ்கிசோஃப்ரீனியா என்னும் பெயரை 1908ஆம் ஆண்டில் வழங்கியவர் சுவிட்சர்லாந்து நாட்டு மருத்துவர் ஆய்கன் பிளாய்லர். பிளவுறுதல், மனம் என்னும் பொருளுடைய இரண்டு கிரேக்கச் சொற்களைச் சேர்த்து அவர் இப்பெயரை அமைத்தார். ஓர் ஆளுக்குள் இரண்டு ஆட்கள் குடியிருப்பதாகத் திரைப்படங்கள் காட்டுவது வேறு. எண்ணமும் உணர்வும் செயலும் ஒன்றோடொன்று இசையாமல் சிதறுவதையே அவர் குறித்தார். உலக நலவாழ்வு நிறுவனத்தின் கணக்குப்படி உலகில் ஏறத்தாழ 300 பேருக்கு ஒருவர் இந்நோயுடன் வாழ்கின்றார். பெரும்பாலும் இருபது வயதை ஒட்டித் தொடங்குகிறது. ஆண்களுக்குச் சற்று முன்னதாகவே வருவதுண்டு. 4,000 இறைமக்கள் உள்ள ஒரு பங்கில் பத்துப் பேருக்கு மேல் இருக்கக்கூடும் என்று அன்று கணக்கிட்டுப் பார்த்தோம். எங்கள் பங்கில் எங்கள் மகன் ஒருவனே என்றல்லவா எண்ணியிருந்தோம்? மற்ற வீடுகளும் எங்களைப் போலவே கதவை மூடிக்கொண்டிருந்தன.

நோய் ஏன் வருகிறது என்பதற்கு ஒரே காரணம் சொல்ல முடியாது என்றார் அந்த மருத்துவ அம்மையார். பரம்பரைக்கு அதில் பெரும் பங்குண்டு. பெற்றோருள் ஒருவருக்கோ உடன்பிறந்தவருக்கோ இருந்தால், வரும் வாய்ப்பு ஏறத்தாழ நூற்றுக்குப் பத்து. ஆனால் ஒரே கருவில் உருவான இரட்டையருள் ஒருவருக்கு வந்தால், மற்றவருக்கு வரும் வாய்ப்பு பாதி அளவே. அதற்கும் குறைவு என்று சொல்லும் ஆய்வுகளும் உண்டு. ஆகவே பரம்பரை மட்டும் காரணமாகாது. கருவிலிருக்கும்போதும் பிறப்பின்போதும் நேரும் சிக்கல்கள், இளமையில் கஞ்சா புகைத்தல், கடும் மன அழுத்தம் ஆகியனவும் சேர்கின்றன. மூளையில் வேதிப்பொருள்களின் இயக்கம் மாறுபடுகிறது. அதைச் சீராக்கவே மருந்து.

அப்போது மீன் விற்கும் அந்தத் தாய் எழுந்து, "நான் வளர்த்த வளர்ப்பு சரியில்லை என்று என் மாமியார் சொல்கிறார்களே, அம்மா?" என்று கேட்டார். எங்கள் நெஞ்சிலிருந்த கேள்வியும் அதுவே. மருத்துவர் சொன்ன மறுமொழி எங்களுக்கு வியப்பளித்தது. படித்தவர்களும் ஒரு காலத்தில் அப்படித்தான் சொன்னார்களாம். 1948இல் அமெரிக்காவில் ஒரு மனநல மருத்துவர், இந்நோயை உண்டாக்கும் தாய் என்று பொருள்படும் ஒரு சொல்லையே ஆக்கினார். கால் நூற்றாண்டுக்கும் மேலாக எத்தனையோ தாய்மார் அச்சொல்லைச் சுமந்தார்கள். பின்னர் அதற்குச் சான்றே இல்லை என்று மருத்துவ உலகம் அதைக் கைவிட்டது. "உங்கள் வளர்ப்பினால் இது வரவில்லை. ஆனால் இனி இவர் நலமாக இருப்பதில் உங்கள் வீட்டுக்குப் பங்கு உண்டு" என்றார் அவர். அந்தத் தாய் முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டு அழுதார்.

மருந்தைப் பற்றியும் தெளிவாகச் சொன்னார்கள். இந்நோய்க்குப் பயன்தரும் முதல் மருந்து 1952இல் பாரிசு நகரில் வழக்கத்துக்கு வந்தது. அதற்கு முன் பெரும்பாலோர் காப்பகங்களிலேயே வாழ்நாளைக் கழித்தனர். மருந்தின் முழுப் பயன் தெரியச் சில வாரங்கள் ஆகும். நலமான பின்னும் மருத்துவரைக் கேளாமல் நிறுத்தலாகாது. நிறுத்தினால் மறுநாளே நோய் திரும்புவதில்லை. மாதங்கள் கழித்துத்தான் திரும்பும். அதனாலேயே மருந்தில்லாமலும் நன்றாயிருக்கிறான் என்று வீடு ஏமாந்து போகிறது. கை நடுக்கம், விறைப்பு, உடல் பருத்தல், சர்க்கரை ஏறுதல் முதலிய பக்கவிளைவுகளைப் பொறுத்துக்கொண்டிருக்க வேண்டியதில்லை. மருத்துவரிடம் சொன்னால் அளவைக் குறைப்பதோ மருந்தை மாற்றுவதோ இயலும். நாள்தோறும் விழுங்க விரும்பாதவர்க்கு மாதம் ஒருமுறை போடும் ஊசியும் உண்டு. இச்செய்தி முன்பே தெரிந்திருந்தால், குப்பைக் கூடையும் சாம்பார்ச் சட்டியும் எங்கள் கதையில் வந்திரா.

நான்காம் சனிக்கிழமை. வீட்டாரை விடுத்து நோயாளர்களையே பேசச் சொன்னார்கள். எங்கள் மகன் தரையைப் பார்த்தவாறு சொன்னான்: "அப்பாவும் அம்மாவும் சாம்பாரில் மாத்திரை கலந்தது எனக்குத் தெரியும். கசப்பு தெரிந்தது. சாப்பாட்டில் ஏதோ கலக்கிறார்கள் என்று நான் சொன்னபோது, அது உன் நோய் என்றார்கள். உண்மையில் கலந்துதானே இருந்தது? அப்படியானால் சுவருக்குப் பின்னால் பேசுவதும் உண்மைதானே என்று நினைத்தேன்."

அறையில் எவரும் பேசவில்லை. அவனுடைய சிதைந்த எண்ணங்களுக்கு நடுவே, அந்த ஒன்றில் மட்டும் அவன் சொன்னது மெய். நாங்கள் சொன்னது பொய். எவர் சொல்லை நம்பி அவன் தன் அச்சங்களை அளந்துபார்க்க வேண்டுமோ, அவர்களே அவனுக்குப் பொய்யுரைத்தோம். ஒப்புரவு அருட்சாதனத்தில் எத்தனையோ சிறு பொய்களை அறிக்கையிட்ட எங்களுக்கு, இது ஒரு பொய் என்பதே அதுவரை உறைக்கவில்லை. வீடு திரும்பும் வழியில் பேருந்து நிலையத்தில் தேநீர்க் கடையருகே நின்று அவனிடம் மன்னிப்புக் கேட்டோம். அவன் ஒன்றும் சொல்லவில்லை. தேநீரைக் குடித்து முடித்து, "இனிமேல் என் கையில் கொடுங்கள்" என்றான்.

அடுத்த வகுப்பு பேச்சைப் பற்றியது. இங்கிலாந்தில் சார்ச்சு பிரௌன் என்னும் சமூகவியலாளர் 1950களில் ஒன்றைக் கவனித்தார். மருத்துவமனையிலிருந்து பெற்றோரிடமோ மனைவியிடமோ திரும்பியவர்கள், தங்கும் விடுதிகளுக்குப் போனவர்களைவிட அதிகமாக மீண்டும் நோயுற்றார்கள். அன்புள்ள வீட்டில் ஏன் இப்படி என்று அவரும் அவர் குழுவினரும் ஆராய்ந்தனர். 1972இல் வெளியிட்ட முடிவு இது: ஓயாமல் குறைகூறுவதும், பகையுடன் பேசுவதும், அளவு மீறிக் கவலைப்பட்டுக் கண்ணீரோடு சூழ்ந்து நிற்பதும் மிகுந்த வீடுகளில், ஒன்பது மாதத்திற்குள் நூற்றுக்கு 58 பேருக்கு நோய் திரும்பியது, அமைதியான வீடுகளில் 16 பேருக்கே திரும்பியது.

கேட்டபோது நாங்கள் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டோம். எங்களுள் ஒருவர் குறைகூறுபவர். மற்றவர் கண்ணீரோடு சூழ்ந்து நிற்பவர். இரண்டும் ஒரே தீங்கைச் செய்யும் என்று அதற்குமுன் எவர் எங்களுக்குச் சொன்னார்?

குரல்கள் அடங்கிய பின்னும் எங்கள் மகன் எழுவதில்லை, குளிப்பதில்லை, எதிலும் நாட்டம் கொள்வதில்லை. சோம்பேறி என்று நாள்தோறும் ஏசினோம். ஊக்கம் வற்றிப்போவதும் அந்நோயின் ஒரு பகுதியே என்று வகுப்பில் அறிந்தோம். முடவனை ஓடச் சொல்லி ஏசியதற்கு ஒப்பானது எங்கள் ஏச்சு. ஒரு நேரத்தில் ஒரே செய்தியைச் சுருக்கமாகச் சொல்லுங்கள், குரலைத் தாழ்த்துங்கள், ஒரு வாளித் தண்ணீர் எடுத்து வைத்தாலும் நன்றி சொல்லுங்கள், அவர் தனித்திருக்க விரும்பும் நேரத்தில் விட்டு விலகுங்கள், நீங்களும் வெளியே போய் வாருங்கள் என்றார்கள். குரல் கேட்கிறது என்று அவர் சொன்னால், இல்லை என்று வாதிட வேண்டாம். ஆமென்று நடிக்கவும் வேண்டாம். "எனக்குக் கேட்கவில்லை, ஐயா. ஆனால் உனக்குக் கேட்கும்போது எவ்வளவு பயமாக இருக்கும் என்று புரிகிறது" என்று சொல்லப் பழகிக்கொண்டோம். முதன்முறை அப்படிச் சொன்ன அன்று, காதிலிருந்து கையை எடுத்துவிட்டு அவன் எங்கள் பக்கத்தில் வந்து உட்கார்ந்தான்.

அவனும் கற்றான். தன் மாத்திரைகளின் பெயர் அவனுக்குத் தெரியும். நோய் திரும்புமுன் தனக்குத் தோன்றும் முன்னறிகுறிகளை ஒரு தாளில் எழுதி அலமாரிக் கதவின் உட்புறம் ஒட்டியிருக்கிறான். இரண்டு இரவு தூக்கம் வராமை, சாளரத்தை மூடுதல், எங்களோடு உண்ண மறுத்தல். இவற்றில் இரண்டு ஒன்றாக வந்தால் எங்களுள் ஒருவர் அவனிடம் சொல்லலாம். அவன் எங்களோடு மருத்துவரிடம் வருவான். இது அவனே எழுதிய உடன்படிக்கை. இனி வாழவேண்டாம் என்னும் எண்ணம் வந்தால் எந்நேரமாயினும் எங்களை எழுப்பவேண்டும் என்பதும் அதில் இருக்கிறது. இந்நோயாளருள் தற்கொலையால் மறைவோர் பொதுமக்களைவிடப் பன்மடங்கு அதிகம் என்பதை வகுப்பில் ஒளிக்காமல் சொன்னார்கள். கேட்டால் அந்த எண்ணத்தை நாமே ஊட்டிவிடுவோமோ என்று அஞ்சவேண்டாம், நேரே கேளுங்கள் என்றார்கள். அதன்படி இரண்டு முறை அவன் நள்ளிரவில் எங்களை எழுப்பியிருக்கிறான். விடியும்வரை அவனோடு உட்கார்ந்திருந்தோம். விடிந்ததும் மருத்துவமனைக்குப் போனோம்.

குடும்பத்தாரைச் சேர்த்துக்கொண்டு மருத்துவம் செய்வது எங்கிருந்தோ வந்த புதுமையன்று. 1950களில் அமிர்தசரசு மனநோய் மருத்துவமனையில் மருத்துவர் வித்யாசாகர், நோயாளரின் குடும்பத்தாரையும் வளாகத்திலேயே கூடாரங்களில் தங்கவைத்தார். வேலூர் கிறித்தவ மருத்துவக் கல்லூரியின் மனநல மையம் பாகாயத்தில் 1957இல் தொடங்கியபோது, நோயாளரோடு உறவினர் ஒருவரும் உடனிருக்கும் முறையைக் கைக்கொண்டது. நம் நாட்டின் முதல் பெண் மனநல மருத்துவர் எனப் போற்றப்படும் சாரதா மேனன், கீழ்ப்பாக்கம் மருத்துவமனையில் நெடுங்காலம் பணியாற்றிய பின், 1984இல் சென்னையில் ஸ்கார்ஃப் நிறுவனத்தைத் தொடங்கினார். 2021இல் மறையும்வரை, மருந்தோடு வேலையும் குடும்பத்தின் புரிதலும் வேண்டும் என்பதே அவரது பணியின் பொருளாயிருந்தது.

நம் திருச்சபையின் நினைவிலும் இத்தகைய ஒரு வீடு உண்டு. ஓர் ஊர் முழுவதும் வீடாயிற்று. பெல்சியம் நாட்டில் கேல் என்னும் ஊரில் மனநோயாளரின் பாதுகாவலியான புனித டிம்ப்னாவின் கல்லறை உள்ளது. இடைக்காலத்தில் நோயாளர்கள் அங்கே திருப்பயணமாக அழைத்து வரப்பட்டு, கோவிலையொட்டிய கட்டடத்தில் தங்கி நவநாள் செபித்தனர். அங்கே இடம் போதாமற் போனபோது ஊரார் தங்கள் வீடுகளில் இடம் கொடுத்தனர். நவநாள் முடிந்தும் குணமாகாதவர்கள் அவ்வீடுகளிலேயே தங்கிவிட்டனர். 1930களில் அவ்வூர் வீடுகளில் 3,000க்கும் மேற்பட்ட நோயாளர்கள் வாழ்ந்தனர். மருத்துவமனையின் மேற்பார்வையோடு, குறைந்த எண்ணிக்கையில், அவ்வழக்கம் இன்றும் தொடர்கிறது. புதுமை நிகழாதபோது அம்மக்கள் நோயாளரைத் துரத்திவிடவில்லை. தட்டில் இன்னொரு பிடி சோறு வைத்தார்கள் என்று நம் வழக்கில் சொல்லலாம்.

இதற்கு மாறான நிகழ்ச்சியும் நம் கண்முன் நடந்தது. 2001 ஆகத்து 6ஆம் நாள், இராமநாதபுரம் மாவட்டம் ஏர்வாடியில் ஒரு தனியார் காப்பகக் கொட்டகையில் தீப்பற்றியது. சங்கிலியால் கட்டப்பட்டிருந்த நோயாளர்கள் தப்பிக்க வழியின்றி 28 பேர் மாண்டனர். அன்று நாளிதழில் படித்து, ஐயோ பாவம் என்று சொல்லிவிட்டு மடித்து வைத்தோம். ஏழாண்டு கழித்து எங்கள் மகனே ஒரு சங்கிலியைக் காட்டி எங்களைக் கேட்பான் என்று அன்று அறியோம். அது எந்த ஒரு சமயத்தின் குறையுமன்று. நம் தலங்களின் மரத்தடிகளையும் நாம் பார்த்திருக்கிறோம். 2018இல் நடைமுறைக்கு வந்த 2017ஆம் ஆண்டு மனநலப் பராமரிப்புச் சட்டம் நோயாளரை எவ்வகையிலும் சங்கிலியால் கட்டுவதைத் தடைசெய்துள்ளது. 2016ஆம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் மனநோயினால் வரும் இயலாமையையும் ஏற்றுக்கொள்கிறது. அரசு மாவட்டத் தலைமை மருத்துவமனைகளில் மனநல மருத்துவமும் மருந்தும் இலவசமாகக் கிடைக்கின்றன. 2022 அக்டோபர் முதல் 14416 என்னும் எண்ணில் இரவும் பகலும் கட்டணமின்றித் தமிழிலேயே அறிவுரை கேட்கலாம்.

இரும்புச் சங்கிலியைச் சட்டம் கழற்றிவிடும். வெட்கம் என்னும் சங்கிலியை யார் கழற்றுவது? எங்கள் மகளின் திருமணத்தன்று மகனை வெளியூரில் ஓர் உறவினர் வீட்டில் விட்டுவிட்டோம். சம்பந்தி வீட்டார் ஏதேனும் நினைப்பார்களோ என்னும் அச்சம். திருப்பலியில் கூடியிருந்த பங்கு மக்களுள் எவரும் அவன் எங்கே என்று கேட்கவில்லை. கேட்காமலிருப்பதே நாகரிகம் என்று அவர்கள் நினைத்தார்கள். நாங்களும் அதற்காக மனத்துக்குள் நன்றி கூறினோம். சில மாதங்கள் கழித்து அவன், "தங்கச்சி கல்யாணத்துக்கு நான் ஏன் வரவில்லை, அம்மா?" என்று மட்டும் கேட்டான். அதற்கு இன்றுவரை எங்களிடம் மறுமொழி இல்லை.

ஆகவே பங்கு மக்களிடம் நாங்கள் வேண்டுவது பெரிதொன்றுமில்லை. இதய நோய் கண்டவரை அன்பியத்தார் வந்து பார்ப்பதுபோல், இவர்களையும் வந்து பாருங்கள். பேய் என்றும் சாபம் என்றும் சொல்லாதீர்கள். செபியுங்கள், செபித்தபின் மாத்திரையைத் தொடர்ந்து சாப்பிடும்படி சொல்லியனுப்புங்கள். இந்நோயாளர் எல்லாரும் பிறரைத் தாக்குபவர் என்று அஞ்சாதீர்கள். அவர்களுள் பெரும்பாலோர் வன்முறையாளர் அல்லர். மற்றவர்களால் துன்புறுத்தப்படுபவராகவே அவர்கள் அதிகம் இருக்கின்றனர். சமாதானம் பகிரும்போது கோவிலின் கடைசி வரிசை வரை உங்கள் கை நீளட்டும். எங்கள் பங்குத்தந்தை இரண்டாண்டுகளுக்கு முன் ஞாயிறு மன்றாட்டில் மனநோயுற்றோரையும் அவர்தம் குடும்பத்தாரையும் சேர்த்தார். திருப்பலி முடிந்ததும் மூன்று குடும்பத்தினர் தனித்தனியே எங்களிடம் வந்து தாழ்ந்த குரலில் பேசினார்கள். மாதம் ஒருமுறை இப்போது எங்கள் வீட்டில் கூடுகிறோம்.

எங்கள் மகன் முற்றும் குணமாகிவிட்டான் என்று எழுத ஆசைதான். இந்நோயிலிருந்து நன்கு தேறி வேலை, திருமணம் என்று வாழ்வோர் பலர் உண்டு. அவனோ நடுவழியில் இருக்கிறான். உறவினர் ஒருவரின் அச்சகத்தில் பிற்பகல்களில் தாள் அடுக்கிக் கட்டுகிறான். சில நாள்களில் குரல்கள் மெல்லக் கேட்பதுண்டாம். "கேட்கட்டும், நான் வேலையைப் பார்க்கிறேன்" என்கிறான். 2012க்குப் பின் இரண்டு முறை நோய் தலைதூக்கியது. இரண்டு முறையும் அலமாரித் தாளைப் பார்த்து அவனே சொன்னான். சில வாரங்களில் அடங்கிவிட்டது. எங்களுக்குப்பின் அவனை யார் பார்த்துக்கொள்வார் என்னும் கவலை எங்களோடு படுத்து எங்களோடு எழுகிறது. அதை அவனிடமும் மகளிடமும் மறைக்காமல் பேசத் தொடங்கியிருக்கிறோம்.

ஒவ்வோர் இரவும் குடும்பச் செபமாலை முடிந்ததும், ஏழு அறைகள் உள்ள சிறு பெட்டியைத் திறந்து, அன்றைய மாத்திரையைத் தன் கையாலேயே எடுத்துக்கொள்கிறான். நாங்கள் தண்ணீரை வைத்துவிட்டு வேறு வேலை பார்க்கப் போய்விடுகிறோம். விழுங்கினானா என்று நின்று பார்ப்பதில்லை. ஞாயிறு திருப்பலிக்குப் பின் அவனே பெட்டியைத் திறந்து காட்டி அடுத்த வாரத்துக்கு நிரப்பிக்கொள்கிறான். அந்தச் சில நொடிகள் முதுகைக் காட்டி நிற்பதற்கு எங்களுக்கு எத்தனை ஆண்டுகள் ஆயின!

கெரசேனர் பகுதி மனிதனை ஆண்டவர் ஏன் படகில் ஏற்றிக்கொள்ளவில்லை என்று முன்பு வருந்தியதுண்டு. அவரோடு போயிருந்தால் அவன் பாதுகாப்பாக இருந்திருப்பானே என்று எண்ணினோம். அந்த வீட்டாரையும் ஆண்டவர் நம்பினார் என்று இப்போது தோன்றுகிறது. அவர்கள் முதல்நாள் அஞ்சியிருக்கலாம், தவறாகவும் பேசியிருக்கலாம். கற்றுக்கொள்வார்கள் என்று நம்பியே அவனை அவர்களிடம் அனுப்பியிருப்பார். எங்களையும் அப்படியே நம்பி, எங்கள் மகனை எங்களிடம் அனுப்பியிருக்கிறார். அந்த நம்பிக்கைக்கு உரியவர்களாக எங்களை ஆக்கியருள வேண்டும் என்பதே எங்கள் செபமாலையின் கடைசி மன்றாட்டு.